இரவு வாடகையும் மாத வாடகையும்: திருச்செந்தூரில் குடியிருக்க ஒரு வீடு

திருச்செந்தூரில் ஒரு வீட்டுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று மாதத்துக்கு, மற்றொன்று இரவுக்கு. குடியிருக்க வீடு தேடி வருகிறவர் முதல் விலையைத்தான் விசாரிக்கிறார். வீட்டுக்காரர் இரண்டாவது விலையையும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு பதில் சொல்கிறார். சென்னையிலும் கோவையிலும் வாடகையை ஏற்றுவது கம்பெனிகளும் வேலையும். இங்கே ஏற்றுவது முருகன் கோவில். இந்த ஊரில் நியாயமான வாடகைக்கு வீடு கிடைப்பது ஏன் கடினம், கிடைக்கும் இடங்கள் எவை, அங்கே எதை எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் இந்த ஒரு புள்ளியிலிருந்தே தொடங்குகின்றன.

யாத்திரைக்கு வருகிறவர்களை வீட்டில் தங்கவைப்பது திருச்செந்தூருக்குப் புதிதில்லை. கோவில் பூசை உரிமையுள்ள திரிசுதந்திரர் வீடுகளில் தங்கித் தரிசனம் செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஒவ்வொரு சமூகமும் தன் ஊர்க்காரர்கள் வந்து படுக்க ஒரு மடம் கட்டி வைத்தது. அப்போது கூட்டத்துக்கு ஒரு காலம் இருந்தது. ஐப்பசியில் கந்த சஷ்டி, வைகாசியில் விசாகம், ஆவணியிலும் மாசியிலும் திருவிழா, தையில் பூசம். இடைப்பட்ட நாட்களில் ரத வீதிகள் உள்ளூர்க்காரர்களுக்கு உரியவை. இப்போது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. 2022இல் தொடங்கிய 300 கோடி ரூபாய்ப் பெருந்திட்டப் பணிகள், அதில் எச்.சி.எல். நிறுவனர் சிவ நாடார் தரப்பின் 200 கோடி, 16 ஆண்டுகளுக்குப் பிறகு 2025 ஜூலை 7இல் நடந்த குடமுழுக்கு என்று எல்லாம் சேர்ந்து, சனி ஞாயிறு வந்தாலே திருவிழாக் கூட்டம் என்ற நிலை வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட யாத்ரி நிவாஸ் போன்ற விடுதிகள் இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. மிச்சப் பேர் ஊருக்குள் அறை தேடுகிறார்கள்.

புரிவதற்காக ஓர் உத்தேசக் கணக்கு. மாதம் 7,000 ரூபாய் வாடகைக்குப் போகக்கூடிய ஒரு சின்ன வீட்டை, நாளுக்கு 1,000 ரூபாய் என்று யாத்ரீகர்களுக்கு விடுகிறார் ஒருவர். மாதத்தில் எட்டே நாள் ஆள் வந்தால் போதும், மாத வாடகையைத் தாண்டிவிடும். குடியிருப்பவர் என்றால் குழாய் ஒழுகுகிறது என்பார், வாடகை ஏற்றினால் முகம் சுளிப்பார், காலி செய்யச் சொன்னால் பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்பார். ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடியற்காலையில் கடலில் குளிக்கப் போகிறவருக்கு இந்தப் பேச்செல்லாம் கிடையாது. வீட்டுக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பலருக்கு அந்த வருமானத்தில்தான் மகள் கல்யாணமும் மருத்துவச் செலவும் நடக்கின்றன. ஆனால் இப்படி ஒவ்வொரு வீடாக நாள் வாடகைக்கு மாறும்போது, அதே கோவிலை நடத்திக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு ஊரில் இடமில்லாமல் போகிறது. பூக்கட்டுகிறவர், முடியெடுக்கும் தொழிலாளி, அன்னதானக் கூடத்தில் சமைக்கிறவர், துப்புரவுப் பணியாளர், ஹோட்டலில் இலை எடுக்கிறவர் எல்லோருக்கும் நடந்துபோகும் தூரத்தில் வீடு வேண்டும். அந்தத் தூரத்தில் இருப்பவைதான் நாள் வாடகை வீடுகள்.

உலகத்தில் வேறு ஊர்களும் இதில் மாட்டியிருக்கின்றன. ஸ்பெயினின் பார்சிலோனா நகரம், சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்ககங்களின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக 2024இல் அறிவித்தது. உள்ளூர்க்காரர் குடியிருக்க வீடு இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். நியூயார்க் 2023 செப்டம்பர் முதல், பதிவு செய்யாத குறுகிய கால வாடகையைத் தடுக்கிறது. திருச்செந்தூருக்கு அவ்வளவு கடுமை வேண்டாம் என்பது என் கருத்து. பக்தரைத் தங்கவைக்காத திருச்செந்தூர் என்று ஒன்று இருக்க முடியாது. ஆனால் எத்தனை வீடுகள் நாள் வாடகைக்கு ஓடுகின்றன என்ற கணக்காவது நகராட்சியிடம் இருக்க வேண்டும். 2021இல் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்ந்த ஊர் இது. வீட்டு மின் இணைப்பிலும் குடியிருப்புக்கான சொத்து வரியிலுமே ஒருவர் அறை வாடகை நடத்தினால், வணிக மின்கட்டணமும் கூடுதல் வரியும் கட்டி முறையாக லாட்ஜ் நடத்துகிறவருக்கும் அது நஷ்டம்தான்.

சரி, ஊருக்குள் கிடைக்காதவர்கள் எங்கே போகிறார்கள்? ஊரை ஒட்டிய குமாரபுரம், தோப்பூர். வடக்கே வீரபாண்டியன்பட்டினம், அடைக்கலாபுரம், இன்னும் வடக்கே போனால் காயல்பட்டினம், ஆறுமுகநேரி. உள்நாட்டுப் பக்கம் காயாமொழி, பரமன்குறிச்சி, அம்மன்புரம். பெருநகரத்துப் பாணி அடுக்குமாடிக் குடியிருப்பு இந்தப் பக்கம் குறைவு. கிடைப்பது பெரும்பாலும் தனி வீட்டின் மாடிப் போர்ஷன், ஒரே சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடு, ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் இருக்கும் வளவு. வளவு வீட்டில் வாடகை குறைவு. குழாயடியும் கழிப்பறையும் பொதுவாக இருந்தால் அந்தக் குறைவுக்கான விலையை வீட்டுப் பெண்கள் தினமும் கொடுக்கிறார்கள். வீடு பார்க்கப் போகும்போது ஆண்கள் மட்டும் போய் முன்பணம் கொடுத்துவிட்டு வருவது இந்தப் பக்கத்தில் வெகு சாதாரணம். அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

இந்த ஊர்கள் ஒவ்வொன்றின் வாடகைக்கும் ஒவ்வொரு காரணம். வீரபாண்டியன்பட்டினம் பரதவர் ஊர். அதன் பக்கத்தில்தான் 1965இல் தொடங்கிய ஆதித்தனார் கல்லூரி இருக்கிறது. பின்னால் பெண்கள் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் வந்தன. ஆகவே அங்கே பேராசிரியர் குடும்பங்களும், நாலைந்து பேராகச் சேர்ந்து வீடெடுக்கும் மாணவர்களும் தேடுகிறார்கள். ஆள் கணக்கில் வாடகை வாங்கினால் குடும்பத்துக்கு விடுவதைவிட அதிகம் வரும் என்பதால் சில வீடுகள் மாணவர்களுக்கே போகின்றன. ஆறுமுகநேரியில் உப்பளமும் சாகுபுரம் ரசாயன ஆலையும் உண்டு. அங்கே வாடகைக்கு வருகிறவர் ஷிப்டு வேலைக்காரர். தெற்கே உடன்குடியில் இரண்டு 660 மெகாவாட் அலகுகளுடன் அனல்மின் நிலையம் எழும்போது வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் வந்தார்கள். அதற்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில், நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 986 கோடி ரூபாய்த் திட்டம், 2,200 ஏக்கருக்கும் மேல் நிலம். ஏவுதளம் வருகிறது என்ற பேச்சிலேயே மனை விலை நகர்ந்தது. மனை விலை ஏறினால் வாடகையையும் ஏற்றலாமே என்ற எண்ணம் வீட்டுக்காரருக்கு வருவது இயல்பு. ஆனால் இந்த நிலத்துக்கும் பரமன்குறிச்சியில் ஒரு ஓட்டு வீட்டின் வாடகைக்கும் இன்றைக்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. "ராக்கெட் வருதுல்லா" என்பதற்காக மட்டும் வாடகையைக் கூட்டிக் கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவைப் பார்க்கலாம்.

காயல்பட்டினத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதும் நெடுநாள் வழக்கம். வீட்டின் பத்திரம் பெண் பேரில் இருக்கும். ஆண்கள் சென்னையிலோ வளைகுடாவிலோ ஹாங்காங்கிலோ தொழில் செய்வார்கள். ஆகவே பூட்டிய நல்ல வீடுகள் கண்ணில் படும், ஆனால் வாடகைக்கு வருபவை கொஞ்சம்தான். மகள் வளர்ந்ததும் அந்த வீடு வேண்டும் என்பதால், நீண்ட நாள் இருக்கக்கூடியவருக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், முடிவு எடுப்பவர் வெளிநாட்டில் இருப்பார். இந்த ஊரில் வீடு எடுக்கிறவர், வாடகையை வாங்குகிறவருக்குப் பத்திரத்துக்கு உரியவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

புறநகரில் வாடகை குறைவு என்று மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். கடலோரத்து வீட்டில் முதல் செலவு தண்ணீர். கடலுக்குப் பக்கத்தில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர் வரும். குளிக்கவும் துவைக்கவும் அதுதான். சோப்பு நுரைக்காது, பாத்திரம் வெள்ளை பூக்கும், குழாய் சீக்கிரம் அரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் தாமிரபரணித் தண்ணீரை நம்பியிருக்கிறது இந்தப் பகுதி முழுவதும். அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணி நேரம் வருகிறது, மாடிவரை ஏறுகிறதா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு அக்காவிடம் கேட்டால் உண்மை வரும். தேரிச் செம்மணல் பக்கம், காயாமொழியைச் சுற்றி, நிலத்தடித் தண்ணீர் ருசியாக இருக்கும் இடங்கள் உண்டு. கேன் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் மாதாமாதம் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால், கடலோரத்து மலிவு வீட்டைவிட உள்நாட்டில் கொஞ்சம் கூடுதல் வாடகை வீடு லாபம் என்று தெரியலாம்.

இரண்டாவது, மழை வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை, திருச்செந்தூரில் 69 செ.மீ. மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம், ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஆத்தூர், ஏரல் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. புதிதாக வருகிறவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே இந்தப் பகுதியில் வீடு பார்க்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது, "அந்த மார்கழி வெள்ளத்துல இந்த வீட்டுல எம்புட்டுத் தண்ணி நின்னுச்சு?" என்பதுதான். முழங்கால் அளவு என்றால் மாடிப் போர்ஷனைப் பாருங்கள், அல்லது வேறு தெரு பாருங்கள். குளத்தங்கரைக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டி, ரோட்டைவிடத் தாழ்வாக இருக்கும் வீடு எவ்வளவு மலிவாக வந்தாலும் எடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருச்செந்தூர் நகருக்குள்ளேயே ஆவுடையார்குளமும் எல்லப்பநாயக்கன்குளமும் இருக்கின்றன. குளம் இருக்கும் ஊரில் தண்ணீருக்கு ஒரு வழி இருந்திருக்கும், அந்த வழியில் இப்போது ஒரு காம்பவுண்டுச் சுவர் நிற்கலாம்.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலிலிருந்து பார்வை தூரத்தில் உள்ள பழைய கான்கிரீட் வீடுகளில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, மேற்கூரைப் பூச்சு உதிர்ந்து விழும். படுக்கும் அறையின் மச்சை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். நீளவாக்கில் கீறல் ஓடி, துருநிறக் கறை இருந்தால் அது வெறும் பூச்சு வேலை இல்லை.

இனி, சட்டத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் பலரும் இதைச் சென்னைக்காரர் விஷயம் என்று நினைக்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றிவிட்டு, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து ஓர் எண் பெற வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் வாடகை அதிகாரி. திருச்செந்தூரே ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம் என்பதால் அதிகாரியைத் தேடித் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. அரசின் இணையதளம் வழியாகவும் பதியலாம். வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த "வேறு விதமாக" என்ற இடுக்கில்தான் ஆறு மாதமும் பத்து மாதமும் நுழைகின்றன. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படியுங்கள். தகராறு வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி ஆளை வெளியேற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை. வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இரண்டாம் அட்டவணையில் இது பட்டியலாகவே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தெருவுக்கு வராது.

பதினோரு மாத ஒப்பந்தம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பத்திரப்பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்கக் கண்ட வழி அது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. பதினோரு மாதம் என்று எழுதிவிட்டதால் அது வேண்டாம் என்று ஆகாது. கோவிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான வீடு என்றால் நிலைமை மேலும் மாறும். இந்து சமய அறநிலையத் துறைச் சட்டப்படி நியாய வாடகை நிர்ணயம், அனுமதி என்று தனி வழி உண்டு. ரத வீதிகளைச் சுற்றி இப்படிப்பட்ட கட்டடங்களில் உள்வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கலாம். ரசீது யார் பேரில் வருகிறது என்று பார்க்காமல் உள்ளே போகாதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஒத்தி. தென் மாவட்டங்களில் மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பது பழைய ஏற்பாடு. மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ கொடுத்தால் இரண்டு வருடம், மூன்று வருடம் வாடகை இல்லை. காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பும். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம், நகை விற்ற பணம், ஓய்வூதியப் பணம் என்று குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் அதில் போய்விடும். வாடகை மிச்சம் என்ற சந்தோஷத்தில் ஒரு முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால்தான் செல்லும். பதியாத ஒத்திச் சீட்டு, பணம் கொடுத்ததற்கு ஒரு சாட்சியாக இருக்கலாம், வீட்டின் மேல் உரிமை தராது. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, கடன் கட்டாமல் ஏலத்துக்கு வந்தால், ஒத்திக்கு இருந்தவர் பெட்டி படுக்கையோடு வெளியே நிற்பார்.

தென்கொரியாவிலும் இதே ஏற்பாடு உண்டு, ஜியோன்சே என்று பெயர். வீட்டு விலையில் பெரும்பகுதியையே முன்பணமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இருப்பார்கள். 2022, 2023இல் சியோல், இஞ்சியோன் பகுதிகளில் நூற்றுக்கணக்கான வீடுகளைக் கையில் வைத்திருந்த உரிமையாளர்கள் பணத்தைத் திருப்ப முடியாமல் போக, இளம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2023இல் அந்த நாடு பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அங்கேயாவது குடிவந்ததை அரசு அலுவலகத்தில் தெரிவித்து ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்கினால், ஏலம் வரும்போது வரிசையில் ஓர் இடம் கிடைக்கும். நம் பதியாத ஒத்திச் சீட்டுக்கு அந்த இடமும் கிடையாது. ஒத்திக்குப் போகிறவர் முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் அதைப் பார்ப்பது கடினமில்லை. பிறகு ஒத்தியைப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். "நம்பிக்கை இல்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டால் அது நல்ல அறிகுறி இல்லை. மூல ஆவணம் வங்கியில் இருந்தாலும் வில்லங்கத்தில் தெரியாத சந்தர்ப்பம் உண்டு. ஆகவே மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் லட்சங்களைக் கொடுக்கக் கூடாது.

பணம் தயாராக இருந்தும் வீடு கிடைக்காதவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. "நீங்க என்ன ஆளு?" என்ற கேள்வி இன்றும் வாடகைப் பேச்சில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. நேரடியாகக் கேட்காதவர் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, கறி சமைப்பீர்களா என்று சுற்றி வருவார். தலித் குடும்பத்துக்கும், கணவர் இல்லாமல் பிள்ளையோடு வரும் பெண்ணுக்கும், தனியாக வேலை பார்க்கும் இளைஞனுக்கும், வடமாநிலத் தொழிலாளிக்கும் பதில் ஒன்றே: "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்திட்டுப் போனாரு." தீண்டாமையின் பேரில் ஒருவர் ஓர் இடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்கு உரியது. ஆனால் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1968இலேயே வாடகைக்கு வீடு மறுப்பதில் இனம், மதம் பார்க்கக் கூடாது என்று தனிச் சட்டம் வந்தது. நம் 2017ஆம் ஆண்டுச் சட்டம் முன்பணத்தையும் பழுதையும் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசியும், இதில் மௌனமாக இருக்கிறது. அது பெரிய குறை என்றே நினைக்கிறேன். சாதி கேட்டு வீடு மறுப்பதை வாடகை அதிகாரியிடம் புகாராகக் கொடுக்க ஒரு விதி வேண்டும். எல்லாச் சாதியும் ஒரே கடலில் குளித்து ஒரே வரிசையில் நிற்கும் ஊர் இது. வாடகை வீட்டுக் கதவில் மட்டும் வரிசை பிரிவதை ஏற்க முடியாது.

கரண்டு பில்லைப் பற்றிச் சுருக்கமாக: வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் பல போர்ஷன்கள் இருந்தால் அந்தச் சலுகை யாருக்குப் போகிறது, யூனிட்டுக்கு என்ன கணக்கு என்பதை முதல் நாளே பேசி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தனி மீட்டர் உள்ள வீடு கிடைத்தால் கொஞ்சம் வாடகை கூடுதல் என்றாலும் எடுக்கலாம்.

எப்போது தேடுவது என்பதும் வாடகையை மாற்றும். பள்ளி திறக்குமுன் சித்திரை, வைகாசியில்தான் எல்லோரும் வீடு மாறுகிறார்கள். அதே வைகாசியில்தான் விசாகக் கூட்டம். அப்போது திருச்செந்தூரில் பேரம் பேச முடியாது. கந்த சஷ்டி விரதத்துக்கு வந்து ஆறு நாளும் தங்குகிறவர்களால் ஐப்பசியும், குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவால் அதற்கு முந்தின வாரங்களும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் அப்போது காலியாகும் வீடு இரண்டு மாதம் வாடகையில்லாமல் நிற்கும் என்ற பயம் வீட்டுக்காரருக்கு உண்டு. ஆடியில் வீட்டைப் பார்த்துப் பேசி முடித்து, ஆவணியில் குடிபோவதாக எழுதிக்கொண்டால் வாடகையில் கொஞ்சம் குறையும். மார்கழியில் பார்த்தால் இன்னொரு லாபம், வீட்டில் தண்ணீர் நிற்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். வார்டுவாரியாக நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளின் பதிவேடு ஒன்றை இந்த ஆண்டே தொடங்குங்கள். தடை வேண்டாம், கட்டணமும் பெரிதாக வேண்டாம், பெயரும் முகவரியும் அறைக் கணக்கும் போதும். கோவிலில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் மாத வாடகைக்குக் குடியிருப்பு கட்ட, அறநிலையத் துறை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் திட்டமிட முடியும். பக்தருக்கு விடுதி கட்டிய துறைக்கு இதுவும் முடியும்.